நான்கு பச்சைக் கோடுகள்

என் முதல் விமானம் ஆகாயத்தில் இருந்தது முக்கால் நிமிடம். சடையங்குப்பத்தைத் தாண்டி ஒரு பொட்டல் வெளி, ஞாயிற்றுக்கிழமை காலை. விமானம் என்றால் தெர்மாகோலில் செய்த, என் கை நீளம்கூட இல்லாத பொம்மை விமானம்தான். ஆனாலும் அது எழும்பியபோது நான் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றேன். பிறகு அது இடது பக்கம் சாய்ந்து, ஒரு வட்டம் போட்டு, நேராக என் முகத்தைப் பார்த்து வந்தது. நான் பயந்துபோய் ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டைவிரல்களையும் எடுத்துவிட்டேன். அது அதே சாய்வில், அதே வேகத்தில் போய்ச் சேற்றில் மூக்கைக் குத்தியது.

அங்கே வாராவாரம் பறக்கவிடுகிற நாலைந்து பேரில் ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர், ஓடி வந்து ஏன் சார் கையை விட்டீர்கள் என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. வேடிக்கை பார்க்க என்னோடு வந்திருந்த என் நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் ஏன் கையை விட்டேன் என்பது அந்தப் பொட்டலில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"கிரேன்னு நென்ச்சிக்கினியா மாமு?" என்றான்.

அதுதான் உண்மை. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் நிற்கும் டிரெய்லரில் வைக்கிற பெரிய கிரேன். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு நாற்காலி, நாற்காலியின் இரண்டு கைப்பக்கமும் பக்கத்துக்கொரு லீவர். இடது லீவர் கூண்டை முன்னும் பின்னும் நகர்த்தும், வலது லீவர் பெட்டியை ஏற்றி இறக்கும். இரண்டுக்கும் உள்ளே ஸ்பிரிங் உண்டு. கையை எடுத்தால் லீவர் நடுவுக்கு வந்துவிடும், பிரேக் பிடித்துவிடும், எல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தந்த பாடமே அதுதான். சந்தேகம் வந்தால் கையை விடு. பதினெட்டு வருடம் அந்தப் பாடம்தான் என்னையும் கீழே நிற்பவர்களையும் காப்பாற்றியது.

விமானத்துக்கு அந்தப் பாடம் செல்லாது. ரிமோட்டின் வேகக் குச்சிக்கு ஸ்பிரிங் கிடையாது. விட்ட இடத்திலேயே நிற்கும். நாம் கையை விட்டாலும் விமானம் நம்மை விடாது, போகிற வழியில் போய்க்கொண்டே இருக்கும். வங்கிக்காரர் பொறுமையாக ஒரு வழி சொன்னார். ஒரு மாதம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுங்கள், சிமுலேட்டர் என்று இருக்கிறது, இதே ரிமோட்டை அதில் மாட்டிக்கொள்ளலாம், அங்கே நூறு தடவை விழுந்தாலும் ஒட்டவைக்க வேண்டியதில்லை என்றார். எனக்கு வேறு வழியும் இல்லை. எங்கள் மொட்டைமாடி துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கிருந்து எதையாவது பறக்கவிட்டால் அடுத்த நிமிடம் பாதுகாப்புக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஐம்பத்தைந்து வயதில் இந்த ஆசை ஏன் வந்தது என்று பலர் கேட்டுவிட்டார்கள். பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்தும் நான் பதினெட்டு வருடமாகக் கீழேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் கண்ணாடித் தரை. குனிந்து குனிந்து கழுத்து அப்படியே நின்றுவிட்டது. ஒருதடவையாவது அண்ணாந்து பார்க்கிற வேலை ஒன்று செய்யவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே என்றாள். ஆனால் சிமுலேட்டரை இணைக்க எனக்குத் துணை நின்றதும் அவள்தான். பக்கத்துப் பள்ளி அலுவலகத்தில் பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் அவள். எனக்கு மவுஸைக் கையில் எடுத்தால் எலியைப் பிடித்த மாதிரிதான் இருக்கும்.

எங்கள் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்தோம். ரிமோட்டின் முதுகில் ஒரு துளை இருக்கிறது. அதில் ஒரு வயரைச் செருகி, வயரின் மறுமுனையில் கட்டைவிரல் அளவு டப்பா ஒன்றை மாட்டி, அதை லேப்டாப்பில் செருகவேண்டும். அந்த டப்பாவுக்கு டாங்கிள் என்று பெயர். ரிமோட் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது அதன் வேலை. வெளிநாட்டுக் கப்பல் வந்தால் மாலுமிக்கும் நமக்கும் நடுவில் ஏஜென்ட் நின்று பேசுவானே, அப்படி.

முதல் நாள் கம்ப்யூட்டர் ரிமோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. டாங்கிளின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருப்பதை மனைவி இரண்டாம் நாள் கண்டுபிடித்தாள். எந்த சிமுலேட்டர் என்பதற்கு ஏற்ப அதை நகர்த்தவேண்டுமாம். நகர்த்தியதும் திரையில் நான்கு பச்சைக் கோடுகள் வந்தன. வேகத்துக்கு ஒன்று, வாலைத் திருப்ப ஒன்று, மூக்கை ஏற்றி இறக்க ஒன்று, இறக்கையைச் சாய்க்க ஒன்று. குச்சியை நகர்த்தினால் அதற்குரிய கோடு நீளும், குறையும். இரண்டு குச்சிகளையும் எல்லா மூலைகளுக்கும் கொண்டுபோய்க் காட்டு, உன் ரிமோட்டின் அளவை நான் தெரிந்துகொள்கிறேன் என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது. காட்டினேன். விமானம் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் தலைகீழாகப் புரண்டு, ஓடுதளத்துக்குப் பக்கத்தில் வரைந்து வைத்திருந்த மரத்தில் மோதியது.

அன்று இருபது தடவை மோதினேன். லேசாகத் தொட்டால் விமானம் பம்பரமாகச் சுற்றியது. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டு மனைவி ஜன்னலைச் சாத்தினாள். இருபத்தொன்றாவது தடவைக்கு முன் மறுபடி அளவு காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மூலைக்குப் போகச் சொன்னால் நீ பாதி வழியிலேயே திரும்பிவருகிறாயே என்றாள். குனிந்து பார்த்தேன். ஆமாம். கிரேன்காரன் லீவரைக் கடைசிவரை தள்ளவே மாட்டான். தள்ளினால் முப்பது டன் பெட்டி ஊஞ்சல் ஆடும். பாதி தூரம்தான் எங்கள் கைக்குத் தெரிந்த உலகம். கம்ப்யூட்டரோ அந்தப் பாதியையே முழு அளவு என்று நம்பி, ஒன்றுக்கு இரண்டாக விமானத்தை ஆட்டியிருக்கிறது. குச்சியை மூலைவரை தள்ளியபோது எனக்கு ஏதோ தப்புச் செய்கிற மாதிரி உடம்பு கூசியது. ஆனால் அதற்குப் பிறகு விமானம் விமானம் மாதிரி பறந்தது. மனைவி எழுந்து போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் பழகினேன். மதியம் வேலை முடிந்து வந்தால் நாலு மணிக்கு உட்காருவேன். கிளப்பவும் திருப்பவும் கை வந்துவிட்டது. இறக்கத்தான் வரவில்லை. நேராக, நிதானமாக, ஓடுதளத்தைப் பார்த்து வரவேண்டிய நேரத்தில் இறக்கை இரண்டு பக்கமும் படபடவென்று சிலிர்த்தது. கோடுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். குச்சிகளை நான் அசைக்காமல்தான் பிடித்திருந்தேன். ஆனால் நான்கு கோடுகளும் நடுங்கின. அடுப்பில் சூடேறும் பாலின் ஆடை மாதிரி ஒரு நடுக்கம். வலது குச்சியின் கோடுகள் இரண்டும் கூடுதலாகவே நடுங்கின.

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் ஒரே பதில்தான். உப்புக்காற்று. ஃபேன் சத்தம் போட்டால் உப்புக்காற்று, பூட்டு திறக்காவிட்டால் உப்புக்காற்று, டிவி கோடு போட்டால் உப்புக்காற்று. கல்யாணம் தள்ளிப்போனால்கூட அதைத்தான் சொல்வார்களோ என்னவோ. நானும் அதையே சொன்னேன். ரிமோட்டைத் திறந்து, குச்சிகளின் அடியில் ஸ்பிரே அடித்து, பழைய பிரஷ்ஷால் துடைத்து மூடினேன். நடுக்கம் போகவில்லை. குச்சியை விட்டுவிட்டால் கோடுகள் அசையாமல் நின்றன, பிடித்தால் நடுங்கின. பார், அழுத்தம் கொடுத்தால் உள்ளே இருக்கிற பாகம் லூசாகி ஆடுகிறது, துருப்பிடித்திருக்கிறது என்று மனைவிக்கு விளக்கம் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அவமானமாகவும் இருக்கிறது. கையை விட்டால் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் காரணம் கை என்று எனக்குத் தோன்றவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வேறு வயர் வாங்கிவந்தேன். நடுங்கியது. டாங்கிளை மாற்றினேன். நடுங்கியது. மூன்றாவது தடவை ரிமோட்டையே தூக்கிக்கொண்டு போய், அதை விற்ற கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் தன்னுடைய கம்ப்யூட்டரில் மாட்டி, தானே குச்சிகளைப் பிடித்துக் காட்டினார். நான்கு கோடுகளும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நின்றன. ஒன்றுமே இல்லையே என்றார். உங்கள் ஏரியாவில் கரண்ட் சுத்தமாக வருகிறது, எங்கள் ராயபுரத்தில் வந்து பார்த்தால் தெரியும் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி, வழி முழுக்க மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினேன். நடுங்கியது. மனைவி பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நீயே பிடித்துப் பார், உனக்கும் ஆடும் என்று ரிமோட்டை அவள் கையில் திணித்தேன். அவள் நின்றபடியே வாங்கி, இரண்டு குச்சிகளையும் லேசாகப் பிடித்தாள்.

கோடுகள் நின்றன.

அவள் முதலில் சிரித்தாள், சரியாகிவிட்டது பார் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே பாதியில் போய்விட்டது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். முப்பது வருடமாகப் பிடித்திருக்கிற கைதான். அன்றைக்கு அது எனக்கே வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

"கொஞ்ச நாளாவே உனுக்கு டீ முக்கா டம்ளர் தான் ஊத்துறேன். சிந்திக்கினே எட்த்துனு போறியேன்னு. டூட்டி அசதின்னு நென்ச்சேன்" என்றாள்.

நான் அதற்கு ஒருநாள் அவளோடு சண்டையே போட்டிருக்கிறேன். வீட்டில் பாலுக்குப் பஞ்சமா, ஏன் டம்ளர் நிறைய ஊற்றமாட்டேன் என்கிறாய் என்று. அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதையும் நான் சட்டையில் சிந்திக்கொண்டேன். டம்ளர் சூடு என்று திட்டினேன்.

டாக்டரிடம் போனோம். பெரிய வியாதி இல்லை, சிலருக்கு இந்த வயதில் வரும், மாத்திரை போட்டால் கொஞ்சம் மட்டுப்படும், முழுக்கப் போகும் என்று சொல்லமுடியாது என்றார். சாப்பிடுவது, ஸ்கூட்டர் ஓட்டுவது எதற்கும் தடையில்லையாம். என்ன வேலை என்று கேட்டார். ஹார்பரில் வேலை என்றேன். அவர் நாற்காலி மேசை வேலை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். நான் திருத்தவில்லை. வெளியே வந்ததும் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுதும்போதும் தவிர்க்கத்தான் தோன்றுகிறது.

அந்த வாரம் நான் செய்ததைச் சொல்லாமல் இதை எழுதிப் பிரயோஜனமில்லை. கோடுகள் இருக்கும் பக்கத்தில் கீழே இன்னொரு கட்டம் உண்டு. டெட் ஜோன் என்று போட்டிருக்கும். குச்சியின் சின்னச் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற இடம் அது. அதைக் கொஞ்சம் கூட்டினேன். நடுக்கம் குறைந்தது. இன்னும் கூட்டினேன். என் கை அதேபோல ஆடிக்கொண்டிருக்க, திரையில் நான்கு கோடுகளும் அசையாமல் நின்றன. அன்று மாலை முதல்முறையாக விமானத்தை ஓடுதளத்தில் பூப்போல இறக்கினேன். மறுநாளும் இறக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை, ஒரு கட்டம் போதுமாக இருந்தது. ஐந்து நாள் சந்தோஷமாக இருந்தேன்.

ஆறாம் நாள் கிரேனில் உட்கார்ந்திருக்கும்போது வலது லீவரைத் தொட்டேன். தொட்டதும் எதுவும் அசையவில்லை. அது எப்போதும் அப்படித்தான். நடுவில் கொஞ்ச தூரம் லீவர் அசைந்தாலும் கிரேன் சட்டை செய்யாது, அந்த எல்லையைத் தாண்டினால்தான் பெட்டி நகரும். தெரியாமல் கை பட்டுவிட்டால் விபரீதம் ஆகக்கூடாது என்று செய்த ஏற்பாடு. அதே டெட் ஜோன்தான். நான் ஐந்து நாள் முன்னால் வீட்டில் கண்டுபிடித்த தந்திரத்தை இந்த கிரேன் எத்தனை காலமாக எனக்காகச் செய்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்தபோது லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஏனென்றால் எல்லைக்கு வெளியே அந்த ஏற்பாடு உதவாது. பெட்டியை மெதுவாக, அங்குலம் அங்குலமாக இறக்கும்போது லீவர் எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். கையின் நடுக்கம் இரும்புக் கயிறு வழியாகப் பெட்டிவரை போய்ச் சேரும். அதற்கு முந்தைய ஒரு வருடமாகவே டிரெய்லர்மேல் பெட்டியைப் பொருத்த எனக்கு இரண்டு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. டிரெய்லர்காரன் சரியாக நிறுத்தவில்லை என்பேன், இல்லாவிட்டால் காற்று என்பேன்.

என் நண்பனின் வேலையைச் சொல்லவேண்டும். கப்பலில் பெட்டியின்மேல் பெட்டி அடுக்கும்போது நான்கு மூலைகளிலும் இரும்புப் பூட்டு போட்டிருப்பார்கள், கோன் என்போம். கரைக்கு வரும் பெட்டியின் அடியில் அந்தக் கோன்கள் ஒட்டிக்கொண்டே வரும். பெட்டியை நான் ஆள் தோள் உயரத்தில் தொங்கவிட்டு நிறுத்த, கீழே இருப்பவர்கள் அடியில் கையை விட்டு அவற்றைத் திருகிக் கழற்றுவார்கள். அவன் அந்த வேலையில் இருப்பவன். கழற்றியதும் வாக்கிடாக்கியில் ஒரு குரல் வரும், நான் இறக்குவேன். அந்த வேலை பார்த்து, விரல் போய், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனை அடுத்த மாதம் இருந்தது. கண், ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள். கையை நீட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நாற்காலியிலேயே முடித்துவிடலாம். அந்த நாற்காலி எனக்கு என்ன என்று வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "மேல ஒக்கார்றவரு" என்றுதான் சொல்வார்கள். கீழே நடக்கிற எத்தனையோ சில்லறை அவமானங்களுக்கு அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட். அது தொடங்குவதற்கு முன்னால், கேட்டுக்கு வெளியே டீக்கடையில், நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோடுகள், வயர், கடைக்காரர், மனைவி பிடித்தபோது நின்றது, எதையும் விடவில்லை. அவன் கேட்டுவிட்டு, வயதானால் எல்லார் கையும் கொஞ்சம் ஆடத்தான் ஆடும், போயும் போயும் ஒரு விளையாட்டுச் சாமானை நம்பி வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே, மூடிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டு என்றான். நான் தலையை ஆட்டினேன். உண்மையில் அதைத்தான் கேட்க வந்திருந்தேன். அவன் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் அப்படியே ஓட்டியிருப்பேன்.

"நீ மேல கீறசொல்லோ நான் அண்ணாந்து கூட பாக்கமாட்டேன் மாமு. யாரு டூட்டின்னு பாப்பேன், நீன்னா பொட்டிக்கு அடில கைய வுட்டுடுவேன்" என்றான்.

எனக்குத் தைரியம் சொல்லத்தான் அதைச் சொன்னான். என் சுபாவம் எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது, இறங்கிவிடு என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். உன்னைவிட எனக்குத் தெரியும் என்று எகிறிவிட்டு மேலே ஏறியிருப்பேன். அவன் நம்பினான். அந்த நம்பிக்கையோடு சண்டை போட எனக்கு வழி தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அலுவலகத்துக்கு நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான்.

ஷிப்ட் இன்சார்ஜ் என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டார். டாக்டர் ஆபத்தில்லை என்றார், கம்ப்யூட்டர் விளையாட்டுதான் சொன்னது என்றேன். அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் என்னையே பார்த்தார். நான் வலது கையை அவர் மேசைமேல் விரித்து நீட்டினேன். ஒரு தாளை எடுத்து விரல்களின்மேல் வைத்தேன். தாள் படபடத்தது. அவர் ஃபேனை நிறுத்தச் சொன்னார். அப்போதும் படபடத்தது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். கேட்டது நியாயம்தான், ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். காலையில் வந்த கப்பல் பாதி இறங்கியிருக்கிறது, இன்றைக்கு மாற்று ஆள் கிடைப்பது கஷ்டம், இந்தக் கப்பலை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுங்கள் அண்ணே, நாளையிலிருந்து மேலே ஏறவேண்டாம் என்றார். ஒரே ஒரு கப்பல். அவர் அதைச் சொன்னதும் என் மனம் எவ்வளவு வேகமாகச் சரி என்றது என்பதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. கடைசியாக ஒரு ஷிப்ட், மாலை வெளிச்சத்தில் எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள் தெரிய, அந்தக் கண்ணாடிக் கூண்டில். என் வாய் திறந்தேவிட்டது. பக்கத்தில் என் நண்பன் நின்றுகொண்டிருந்தான். இந்த ஷிப்டில் பெட்டிக்கு அடியில் கையை விடப்போகிறவன் அவன்தான்.

"முடியாது சார்" என்றேன். "ஒரு பொட்டி கூட முடியாது."

நண்பனுக்கு என்மேல் கோபம். வெளியே வந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றான். என் சாமான்கள் மேலே கூண்டில் இருந்தன. உட்காரும் திண்டு, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, கண்ணாடி ஓரத்தில் மாட்டியிருந்த செபமாலை. நானே போய் எடுத்து வரலாம்தான். போனால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன், உட்கார்ந்தால் லீவரைப் பிடித்துவிடுவேன் என்று பயம். இன்சார்ஜிடம் சொல்லி அவனை அனுப்பச் சொன்னேன். பதினெட்டு வருடம் என் கிரேனுக்கு அடியில் வேலை பார்த்தவன் அன்றுதான் முதல்தடவையாக அதன் லிஃப்டில் ஏறினான்.

வெகுநேரம் வரவில்லை. நான் கிரேனின் காலருகே நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். துறைமுகத்தில் யாரும் யாரையும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அது ஒரு வசதி. கப்பல்மேல் நின்றிருந்தவர்கள் ஏன் வேலை தொடங்கவில்லை என்று வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டிருந்தார்கள். வேறு கிரேனிலிருந்து ஓர் ஆளை இன்சார்ஜ் எப்படியோ பேசிப் பிடித்திருந்தார்.

லிஃப்ட் இறங்கியது. அவன் திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தான். முகத்தில் கோபம் இல்லை. என் பக்கத்தில் வந்து நின்று, கோன் கழற்றுகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவனோடு வேலை செய்கிற மூன்று பேர் மஞ்சள் ஹெல்மெட்டுடன் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணாடில குன்ஞ்சி பாத்தேன். இவனுங்க தலை தான் தெர்து. கை தெர்லியே மாமு" என்றான்.

"தெரியாதுடா. பொட்டி வந்துட்டா இன்னும் மறைச்சிக்கும்" என்றேன்.

"அப்ப இத்தினி வருசமா எங்க கைய நீ பாத்ததே இல்லியா?"

இல்லை என்றேன். கை அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் இறக்கினேன் என்றேன்.

அவன் தன் இரண்டு கைகளையும் ஒருதடவை திருப்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு திண்டையும் செபமாலையையும் என்னிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்த மூன்று பேரை நோக்கி நடந்தான். மாற்று ஆள் மேலே போய் உட்கார்ந்து முதல் பெட்டியைத் தூக்கினார். பெட்டி கப்பலைத் தாண்டி, கரைக்கு வந்து, தோள் உயரத்தில் நின்றது. என் நண்பன் கையை உள்ளே விடவில்லை. தலையைத் தூக்கி, அந்தக் கூண்டை நன்றாக ஒருதடவை அண்ணாந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் கையை விட்டான்.